அடுத்த தெருவில் தாய்வீடு

விழுப்புரம்
15 நவம்பர் 2023

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

கிருஷ்ணவேணி எழுதுவது. தீபாவளிப் பலகாரம் வந்து சேர்ந்திருக்கும். இங்கே எல்லாம் நல்லபடி. என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

இந்தக் காலத்தில் யார் காகிதம் எழுதுகிறார்கள் என்று கேட்பீர்கள். போன வாரம் போனில் பேசினோமே, உங்களுக்குக் கேட்கட்டும் என்று நான் கத்தினேன். என் வேர்க்கடலை மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாம் வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். "யக்கா, சம்பந்தி வூட்ல சண்டையா?" என்று வண்டி ஓட்டுகிற பெரியசாமி கேட்கிறான். அப்புறம் மாப்பிள்ளை போனை வாங்கி, நான் சொன்னதில் பாதியை உங்களிடமும் நீங்கள் சொன்னதில் பாதியை என்னிடமும் சொன்னார். கடைசியில் இரண்டு பேரும் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனை வைத்தோம். பாவம், அவர் நல்ல பிள்ளை. ஆனால் தரகு வேலைக்கு லாயக்கில்லை. அதனால் நேராகவே எழுதிக்கொள்ளலாம். பெரியசாமி வாரம் இரண்டு தடவை மல்லாட்டைப் பருப்பு ஏற்றிக்கொண்டு திண்டிவனம் வருகிறான். பதிலை அவன் கையிலேயே கொடுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். அஸ்வினிக்கு ஏழாம் மாதத்தில், கார்த்திகையிலேயே வளைகாப்பு வைக்க வேண்டும் என்கிறீர்கள். வளை போட்ட கையோடு பெண் தாய்வீட்டுக்குப் போக வேண்டும், குழந்தையோடுதான் திரும்ப வேண்டும். எங்கள் பக்கமும் அதேதான். நான் கேட்பது, தையில் வைக்கலாமா என்று. ஒன்பதாம் மாதமும் ஒற்றைப்படைதானே?

அவள் கம்பெனியில் பிரசவத்துக்கு ஆறு மாதம் சம்பளத்தோடு லீவு. பிறப்பதற்கு முன்னால் எடுத்தால் பிறந்த பிறகு அவ்வளவும் குறையும். கார்த்திகையில் விழுப்புரம் வந்துவிட்டால், இங்கிருந்து தினமும் திண்டிவனத்துக்கு பஸ்ஸில் போய்வர டாக்டரம்மா விடமாட்டார். மாசியில் குழந்தை பிறப்பதற்குள் லீவில் ஒரு பெரிய பங்கு கரைந்துவிடும். சீசன் வருவதற்கு முன்னாலேயே குடோனைக் காலி பண்ணுகிற வியாபாரியை நான் பார்த்ததில்லை. லீவும் சரக்குதான். தேவைப்படும் நேரத்தில் கையில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. அவள் வேலையையே விட்டுவிடட்டும் என்று உங்கள் வீட்டில் பேச்சு நடக்கிறது. அஸ்வினி சொல்லவில்லை, மாப்பிள்ளை முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதற்கு நான் சம்மதிக்கமாட்டேன். அவள் பிறந்தபோது எனக்கு லீவு கொடுக்க ஆளில்லை. அவள் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். பச்சை உடம்போடு ரயில்வே ஸ்டேஷன் வாசலில் அவித்த மல்லாட்டை விற்றேன். அவள் எப்போது குப்புற விழுந்தாள், எந்தப் பல் முதலில் முளைத்தது, எனக்குத் தெரியாது. பக்கத்தில் பூ விற்ற அம்மாவைத்தான் கேட்க வேண்டும். எனக்குக் கிடைக்காத அந்த ஆறு மாதம் என் மகளுக்குக் கிடைக்கிறது. அதில் ஒரு நாளும் வீணாகக் கூடாது. அது முடிந்ததும் அவள் வேலைக்கும் போக வேண்டும். இரண்டுமே வேண்டும். பேராசைதான், ஒத்துக்கொள்கிறேன்.

சம்பந்தி ஐயாவுக்கு என் வணக்கம்.

கிருஷ்ணவேணி


திண்டிவனம்
18 நவம்பர் 2023

சம்பந்தி அவர்களுக்கு,

கடிதம் வந்தது. இரண்டு தடவை படித்தேன். முறுக்கும் வந்தது. நன்றாக இருந்தது, உப்பு கொஞ்சம் தூக்கல்.

எங்கள் வீட்டில் வளைகாப்பு ஏழாம் மாதத்தில்தான். என் மாமியாருக்கும் அப்படி, எனக்கும் அப்படி. மயிலம் போய் நாளும் பார்த்து வந்தாகிவிட்டது. நீங்கள் லீவைக் கணக்குப் பார்க்கிறீர்கள். மகளை மூன்று மாதம் வைத்துப் பார்க்க மண்டி வேலை இடம் தராது என்றால் நேராகச் சொல்லிவிடுங்கள். நாங்கள் ஒன்றும் தப்பாக நினைக்கமாட்டோம்.

வேலையை விடச் சொன்னது நான்தான். மறைக்கவில்லை. காலையில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டுகிற நேரத்துக்குத்தான் வருகிறாள். குழந்தை அழுதால் யார் பார்ப்பது? கோகுல் சம்பாதிக்கிறான். நிலம் இருக்கிறது, நெல்லும் கேப்பையும் வீட்டுக்கு வருகிறது. யாருக்கு என்ன குறை? யார் பார்ப்பது என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருந்தால் எழுதுங்கள்.

தொட்டில், சட்டை என்று எதையும் முன்னாலேயே வாங்கி வைத்துவிடாதீர்கள். நீங்கள் எதையும் மொத்தமாக வாங்குகிற ஆள். பிறக்கட்டும்.

வெள்ளையம்மாள்


விழுப்புரம்
24 நவம்பர் 2023

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

முறுக்கில் உப்பு தூக்கல்தான். உங்கள் கடிதத்திலும் கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, இரண்டையும் சாப்பிட்டாகிவிட்டது.

கார்த்திகையிலேயே வையுங்கள். நான் வழி கண்டுபிடித்துவிட்டேன்.

உங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில், அரிசிக்கடைக்கு எதிரே ஒரு கட்டடம் பூட்டிக் கிடந்ததே, முன்னால் ஷட்டர் போட்டு, பின்னால் இரண்டு அறையும் சமையற்கட்டும் இருக்குமே, அதை வாடகைக்குப் பேசி முடித்துவிட்டேன். திண்டிவனத்தில் ஒரு கிளை போட வேண்டும் என்று இரண்டு வருடமாக மனதில் இருந்தது. கடலை எண்ணெயும் விதை மல்லாட்டையும் அங்கே சில்லறையில் போகும். ஷட்டருக்கு முன்னால் வியாபாரம், பின்னால் தாய்வீடு. நான் எங்கே இருக்கிறேனோ அதுதானே அவளுக்குத் தாய்வீடு? விழுப்புரத்தில்தான் இருக்க வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லையே.

வளை போட்ட கையோடு உங்கள் வாசலில் இறங்கி, தெருமுனை திரும்பி, என் வீட்டுக்கு வந்துவிடுவாள். மறுநாள் காலை அங்கிருந்தே கம்பெனி பஸ் ஏறுவாள். வலி வருகிற வாரம் வரைக்கும் லீவைத் தொட வேண்டியதில்லை. மண்டியைப் பெரியசாமி திறப்பான். நான் நடுவில் ஒரு நடை போய்வந்தால் போதும். மண்டி இடம் கொடுக்காதா என்று கேட்டீர்கள். மண்டியையே தூக்கிக்கொண்டு வருகிறேன், பாருங்கள்.

யார் பார்ப்பது என்று கேட்டீர்களே, நீங்கள் பார்ப்பீர்கள், நான் பார்ப்பேன். இரண்டு பேர் இருக்கிறோம், போதாதா?

கிருஷ்ணவேணி


திண்டிவனம்
28 நவம்பர் 2023

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை எங்கள் வீட்டுக்காரர் படித்துவிட்டுச் சிரிக்கிறார். "அந்தம்மா வூட்டையே தூக்கினு வருதே" என்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெண் மாசமாக இருக்கும்போது அவளைப் பெற்றவள் புது வீட்டில் பால் காய்ச்சலாமா? வீடு மாறக்கூடாது, ஆணி அடிக்கக்கூடாது என்பது உங்கள் ஊரில் இல்லையா? சட்டை வாங்காதீர்கள் என்றால் வீட்டையே வாங்கி வைக்கிறீர்கள்.

நான் பார்ப்பேன் என்று என்னைக் கேட்காமலே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அறுபது தாண்டிவிட்டது. என்னால் ஆகாது. குழந்தை அழுதால் தூக்க ஆள் வேண்டும். அது பெற்றவளாக இருப்பதுதான் நல்லது.

வெள்ளையம்மாள்


விழுப்புரம்
1 டிசம்பர் 2023

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

வாங்கவில்லை, வாடகைதான்.

பால் விஷயம் சரி. நீங்கள் சொன்னது எனக்கும் உறைத்தது. அதனால் பால் காய்ச்சப்போவதில்லை. கடைக்கு யாராவது பால் காய்ச்சுவார்களா? விளக்கேற்றி, பூசணிக்காயைச் சுற்றி உடைத்தால் கடை ஆயிற்று. கடைக்குப் பின்னால் ஒருத்தி பாய் போட்டுப் படுத்துக்கொண்டால் அது குடியேறுவது ஆகாது. அய்யரிடமும் கேட்டுவிட்டேன். "கடைன்னா கடைதாம்மா" என்றார். தட்சணை கொடுப்பதற்கு முன்னால்தான் கேட்டேன், அதனால் நம்பலாம். அடுப்பு பழைய அடுப்பு, ஆணி ஒன்றுகூட அடிக்கவில்லை. கொடிக்கயிற்றை ஜன்னல் கம்பியில் கட்டியிருக்கிறேன். குழந்தை பிறந்த பிறகு உங்கள் கையால் பால் காய்ச்சுங்கள்.

உங்களால் ஆகாது என்று எழுதியதை மட்டும் நான் நம்பவில்லை. இரண்டு மாடு கறந்து, நடவுக்கு ஆள் விட்டு, இருபது பேருக்குச் சமைக்கிறவர் நீங்கள்.

கிருஷ்ணவேணி


திண்டிவனம், கடை
14 டிசம்பர் 2023

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

வளைகாப்பு குறையில்லாமல் நடந்தது உங்களால்தான். புளிச்சோற்றைப் பற்றி எங்கள் சனங்கள் இன்னும் பேசுகிறார்கள். அஸ்வினி கன்னத்தில் சந்தனத்தோடு தெருமுனை திரும்பி நடந்து வந்தபோது, அரிசிக்கடைக்கார அம்மா எழுந்து நின்று பார்த்தார். "இன்னாம்மா, தாய்வூடு இவ்ளோ கிட்டவா?" என்று கேட்டார். "வேணும்னா உன் பொண்ணுக்கும் பக்கத்து கடையைப் பேசி வுடறேன்" என்றேன்.

மறுநாள்தான் ஒரு சிக்கல். அவள் வேலை பார்ப்பது பிஸ்கட் கம்பெனி லேப்பில். அங்கே கண்ணாடி வளையல் உள்ளே போகக்கூடாதாம். ஒரு துண்டு உடைந்து விழுந்தாலும் மொத்த சரக்கையும் கொட்டிவிடுவார்கள். வளைகாப்பு வளையலைக் கழற்றவும் கூடாது. இதை நீங்களும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. அவளே மேனேஜரிடம் பேசி, வெளி அறையில் உட்கார்ந்து, தன் இடத்துக்கு வரப்போகிற பெண்ணைப் பழக்குகிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். "ரொம்ப நல்லா பழக்கிடாதடி, அவளே நெலச்சி நின்னுடுவா" என்றேன். "யம்மா, நீ எப்பத்தான் மண்டிய வுட்டு வெளிய வருவ?" என்று சிரிக்கிறாள்.

இப்போது எழுதப்போவதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுவதுதான் என் சுபாவம்.

வளைகாப்பன்று வல்லத்திலிருந்து வந்த உங்கள் தம்பி மருமகள், உங்களுக்குப் பின்னால் பாயில் குழந்தையைக் கிடத்திவிட்டுக் கை கழுவப் போனாள். குழந்தை வீறிட்டது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பினோம். நீங்கள் திரும்பவில்லை. சந்தனம் கரைத்துக்கொண்டிருந்தீர்கள். அவள் ஓடி வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு உங்களை ஒரு பார்வை பார்த்தாள். அப்போதுதான் திரும்பினீர்கள். உங்கள் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

நான் முகம் பார்த்துப் பிழைக்கிறவள். 'குழந்தை அழுதால் யார் பார்ப்பது' என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டீர்கள். பழைய காலத்து மாமியார் என்று நானும் மனதுக்குள் திட்டினேன். விஷயம் அதில்லை. அழுதால் உங்களுக்குக் கேட்காதே என்கிற பயம். போனில் என் பேச்சு கேட்காததையும் சேர்த்து இப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. சரிதானே? சரி என்றால், அதற்காக என் மகள் வேலையை விடக்கூடாது. வேறு வழி பார்ப்போம். வழி இல்லாத விஷயமே இல்லை.

கிருஷ்ணவேணி


திண்டிவனம்
16 டிசம்பர் 2023

என் காதைப் பற்றி எழுத உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

பெண் கொடுத்தீர்கள், எடுத்தோம். அதோடு நில்லுங்கள். இந்தப் பேச்சு என் மகன் காதுக்கோ அஸ்வினி காதுக்கோ போனதென்று தெரிந்தால், நமக்குள் போக்குவரத்து அதோடு சரி. இனிமேல் பெரியசாமி சாமான் கொண்டு வரட்டும். காகிதம் வேண்டாம்.

வெள்ளையம்மாள்


திண்டிவனம், கடை
20 ஜனவரி 2024

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

இது மூன்றாவது காகிதம். முதல் இரண்டும் திரும்பி வந்துவிட்டன. "யக்கா, அந்தம்மா பைய மட்டும் வாங்கிக்கினாங்க. காயிதத்த கையால தொடல. எனுக்கு ஒரு டம்ளர் காப்பி குடுத்தாங்க, உனுக்கு ஒரு வார்த்தை குடுக்கல" என்கிறான் பெரியசாமி. இதை எண்ணெய் டின்னோடு கட்டி அனுப்புகிறேன். திருப்பி அனுப்பினால் டின்னும் திரும்ப வேண்டும்.

யாரிடமும் நான் சொல்லவில்லை. சொல்லமாட்டேன். ஆனால் எழுதியதை வாபஸ் வாங்கவும் மாட்டேன். வாங்கினால் அது பொய்.

பொங்கலுக்கு உங்கள் வீட்டில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. "இன்னாம்மா ஆச்சு உனுக்கும் அத்தைக்கும்?" என்று அஸ்வினி கேட்டாள். முறுக்கில் உப்புத் தகராறு என்று சொல்லி வைத்தேன். அவள் நம்பவில்லை. தன்னால்தான் என்று நினைத்துக்கொள்கிறாள்.

அவள் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். பிப்ரவரி பத்தொன்பதிலிருந்து லீவு. "முதல் கொழந்தை, திரும்பி வருவீங்களா?" என்று அங்கே ஒரு ஆள் இளித்துக்கொண்டு கேட்டானாம். ஆகஸ்ட் பத்தொன்பது, திங்கட்கிழமை வேலைக்கு வருவேன் என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிட்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் அன்று சாயங்காலமே என்னிடம் சொல்கிறாள்: "அத்தை சரின்னு சொன்னாத்தான்மா போவேன். அவங்க மனசு கசந்துகினு கீற வூட்ல கொழந்தைய வுட்டுட்டுப் போய் என்னால வேலை பாக்க முடியாது."

ஆக, அவள் வேலை இருப்பதும் போவதும் உங்கள் ஒரு வார்த்தையில் இருக்கிறது. என் கையில் இருந்தால் எப்போதோ முடித்திருப்பேன். இல்லை. அதனால் கேட்கிறேன். கேட்டுப் பழக்கமில்லாதவள் கேட்கிறேன்.

கிருஷ்ணவேணி


திண்டிவனம்
24 மார்ச் 2024

சம்பந்தி அம்மாவுக்கு,

டின்னைத் திருப்பவில்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

பேத்திக்கு வெண்ணிலா என்று பெயர் வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. மூக்கு எங்கள் வீட்டு மூக்கு. பிடிவாதம் யார் வீட்டுடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கடைக்குப் பின்னால் என் கையால் பால் காய்ச்ச வைத்தீர்கள். அதற்கும் நன்றி.

நேற்று நீங்கள் குளிக்கப் போகும்போது குழந்தையை என்னிடம் விட்டுப் போனீர்கள். அஸ்வினி தூங்கிக்கொண்டிருந்தாள். வேண்டுமென்றே விட்டீர்கள். எனக்குத் தெரியும். நீங்கள் வருகிற வரைக்கும் நான் கண்ணை எடுக்காமல் அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். எச்சில்கூட விழுங்கவில்லை. அப்படி ஒரு நாள் முழுக்க உட்கார முடியுமா?

இரண்டு வருடம் முன்னால் வல்லத்தில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். எல்லோரும் களத்துமேட்டுக்குப் போனார்கள். வளைகாப்புக்கு வந்தாளே, அந்த மருமகளின் மூத்த குழந்தை தூளியில் தூங்கியது. "பாத்துக்கோ அத்த" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். நான் முதுகைத் திருப்பிக்கொண்டு புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தள்ளிக்கொண்டு வந்து என்னைத் தாண்டி ஓடியபோதுதான் திரும்பினேன். குழந்தை அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்தது. ஒருத்தரும் என்னைத் திட்டவில்லை. அதற்குப் பிறகு குழந்தையை என் கையில் கொடுப்பதில்லை, அவ்வளவுதான். "அத்தைகிட்ட வேணாம்" என்று என் எதிரிலேயே சொல்லிக்கொள்வார்கள். எனக்குக் கேட்காது என்ற தைரியம். உதட்டைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா?

கோகுல் வாங்கிக் கொடுத்த காது மிஷின் பீரோவில் இருக்கிறது. அதைப் போட்டால் தட்டு விழுகிற சத்தமும் பஸ் ஹாரனும்தான் தலைக்குள் இடிக்கின்றன. மனுசக் குரல் வருவதில்லை.

என் வீட்டில், என் மருமகள் அப்படி ஒரு பார்வை பார்த்தால் என்னால் தாங்க முடியாது. அவள் வீட்டோடு இருந்துவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை என்று நினைத்தேன். இதை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. உங்களுக்கு எழுதுகிறேன். நேரில் சொன்னால் நீங்கள் பதிலைக் கத்துவீர்கள்.

வெள்ளையம்மாள்


திண்டிவனம், கடை
25 மார்ச் 2024

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

வேண்டுமென்றேதான் விட்டேன். ஆனால் குளியலறைக் கதவைத் தாழ்போடாமல் குளித்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மட்டும்தான் பயந்தீர்கள் என்று நினைக்க வேண்டாம்.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரிக்கு இரண்டு காது இருந்தது, உங்களுக்கு இல்லை. அது குற்றமா? கண் தெரியாதவரிடம் கல் பொறுக்கச் சொல்லிவிட்டுப் போனது அவர்கள் தப்பு. நீங்களும் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முடிந்துபோன வியாபாரத்தைப் பேசி என்ன?

இனி நடக்க வேண்டியதைப் பார்ப்போம். மல்லாட்டை மூட்டையில் கையை விட்டால் ஈரம் எவ்வளவு என்று என் விரலுக்குத் தெரியும். ஈரம் பார்க்கிற மிஷின் அதற்கப்புறம்தான் நம்பர் காட்டும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கை வைத்து, கை வைத்து வந்தது. ஆகஸ்ட் வரைக்கும் நாள் இருக்கிறது. தினமும் வாருங்கள். குழந்தையை மடியில் போட்டுக்கொள்ளுங்கள். நான் ஷட்டர் பக்கம் எண்ணெய் அளந்துகொண்டிருப்பேன். கூப்பிடுகிற தூரம்தான். அவள் அழுவது எதில் எப்படி உங்களுக்குத் தெரிகிறது என்று நீங்களே கண்டுபிடியுங்கள். எனக்குத் தெரியாது, அதனால் யோசனை சொல்லமாட்டேன்.

வழி பிடிபடாவிட்டால் நான் உங்கள் வீட்டில் வந்து உட்காருவேன். எப்படியும் அவள் பஸ் ஏறுவாள்.

கிருஷ்ணவேணி


விழுப்புரம்
9 ஆகஸ்ட் 2024

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

ஆனியில் அஸ்வினியையும் குழந்தையையும் உங்கள் வீட்டுக்கு அனுப்பியதிலிருந்து திண்டிவனம் கடையின் பின்னறைக்குள் போகவே எனக்குப் பிடிக்கவில்லை. விதைப் பருப்பு விற்பனை முடிந்து கணக்கும் முடித்துவிட்டேன். இனி கொஞ்ச நாளைக்கு மண்டியில் அவசரமில்லை.

பத்தொன்பதாம் தேதி காலையில் வந்து ஒரு மாதம் உங்கள் வீட்டிலேயே இருப்பதாக முடிவு பண்ணிவிட்டேன். புடவை எடுத்து வைத்தாகிவிட்டது. நீங்கள் கொஞ்ச நேரம் பாருங்கள், மற்ற நேரம் நான் பார்க்கிறேன். முதல் நாளே உங்கள் தலையில் முழுசாகச் சுமத்த மாட்டேன். சம்பந்தி வீட்டில் ஒரு மாதம் சாப்பிடுகிறாள் என்று தெரு பேசினால் பேசட்டும். அரிசி நான் கொண்டு வருகிறேன்.

புதன்கிழமை எண்ணெய் டின்னோடு ஒரு நடை வருவேன். அஸ்வினியிடம் எதுவும் சொல்ல வேண்டாம். சொன்னால், நான் சிரமப்படுகிறேன் என்று வேலைக்கே போகமாட்டாள்.

கிருஷ்ணவேணி


திண்டிவனம்
16 ஆகஸ்ட் 2024

அன்புள்ள வேணிக்கு,

புதன்கிழமை நீங்கள் வந்திருந்தபோது நடந்ததை நீங்கள் கவனிக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

வெண்ணிலா கூடத்தில் தூளியில் தூங்கினாள். நீங்கள் அதற்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் சமையற்கட்டில் முதுகைத் திருப்பிக்கொண்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். குழந்தை அழுதது. நான்தான் எழுந்து வந்து தூக்கினேன். அப்போதும் நீங்கள், "ஈரம் ஜாஸ்தி, எடுக்கமாட்டேன்" என்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் உதட்டைப் பார்த்தேன். இரண்டு காதும் நல்லா இருக்கிற ஆள் நீங்கள்.

எப்படி வந்தேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை. தூளியில் ஒரு மெல்லிய கயிற்றைக் கட்டி, மறுமுனையை என் மணிக்கட்டில் சுற்றிக்கொள்கிறேன். தூங்கினால் கயிறு சும்மா தொங்கும். புரண்டால் லேசாக அசையும், அதற்கு நான் எழுவதில்லை. பசி எடுத்தால் இரண்டு காலையும் சேர்த்து உதைப்பாள், கயிறு சுண்டிச் சுண்டி இழுக்கும். ஈரம் பண்ணிவிட்டால் அது வேறு மாதிரி, நெளிந்து நெளிந்து இழுக்கும். வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவள் காலால் பேசிவிடுகிறாள், வேணி. இது யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஆனியிலிருந்து எங்கள் வீட்டுக்காரரை எதிரே உட்கார வைத்துப் பழகினேன். குழந்தை அழுதால் வாயைத் திறக்காதீங்க, விரலை மட்டும் தூக்குங்க என்று சொல்லி வைத்தேன். முதலில் அவர் விரல் ஜெயித்தது. அப்புறம் கயிறு ஜெயித்தது. "இன்னாடி, நான் கைய தூக்கறதுக்குள்ள எழுந்துக்கினு போற?" என்று அவருக்குக் கோபம். இப்போதெல்லாம் விளையாட்டுக்கு வரமாட்டேன் என்கிறார். தூங்காத நேரத்தில் என் மடியில்தான் கிடப்பாள். மடியில் இருக்கிற பிள்ளை அழுதால் வயிறு முதலில் எக்கும். அதற்கு எதற்குக் காது?

நேற்று அஸ்வினி கேப்பைப் பால் காய்ச்சக் கற்றுக்கொள்ள என் பக்கத்தில் நின்றாள். நானே சொல்லிவிட்டேன். எனக்குக் காது போய்விட்டது, இந்தப் பக்கம் சுத்தமாக இல்லை, அந்தப் பக்கம் கொஞ்சம் இருக்கிறது, வல்லத்தில் இப்படி ஆனது, எல்லாம். அவள் கரண்டியை வைத்துவிட்டு என் முகத்துக்கு நேராக வந்து நின்றாள். "தெரியும் அத்த. கல்யாணம் ஆன மாசமே தெரியும். தெரிஞ்சுதான் உங்ககிட்ட குடுத்துட்டுப் போறேன்" என்றாள். கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். ஒரு எழுத்து விடாமல் எனக்குப் புரிந்தது.

அப்புறம், "நான் வேலைக்குப் போவட்டா?" என்று கேட்டாள். "போகாம வூட்ல இன்னா பண்ணப் போற? ஜல்தி தூங்கு, காலைல பஸ்ஸு" என்றேன். பஸ்ஸுக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது என்று சிரித்தாள்.

ஆகவே திங்கட்கிழமை நீங்கள் வர வேண்டாம். எடுத்து வைத்த புடவையைத் திரும்ப பீரோவில் வையுங்கள். அரிசி எங்களிடம் இருக்கிறது. முதல் நாளை நான் தனியாகப் பார்க்க வேண்டும். கூடத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் அது பாதிதான்.

பேத்தியைப் பார்க்க ஆசையாக இருந்தால், அவள் அம்மா பஸ் இறங்கிய பிறகு சாயங்காலமாக வாருங்கள். அதற்கு முன்னால் வந்து கதவைத் தட்டினால் எனக்குக் கேட்காது. கேட்டாலும் திறக்கமாட்டேன்.

வெள்ளையம்மாள்